கோட்டுக்குப் பின்

களஞ்சியத்தின் நான்காம் தொகுதி,
‘ம’ முதல் ‘வ’ வரை.
ஆளுக்கு எண்பது சொல்,
விருது வாங்கியிருந்தால் நூற்றிருபது.
சொல்லுக்கு இரண்டு ரூபாய். பயணச் செலவு தனி,
டிக்கெட்டைத் தொலைக்காதே என்றார் பதிப்பாசிரியர்.

சாயல்குடியில் மாறி மூக்கையூரில் இறங்கியபோது
உடைமர நிழலையும் வெயில் தின்று முடித்திருந்தது.
கையில் முந்தைய பதிப்பின் நகல்:
‘மரியநேசம், மூ. நாடக நடிகை. ஸ்திரீபார்ட்.
(1957 – 1993).’

இவருக்கு உறவு யாராவது உண்டா என்று
நண்டுக் கம்பெனி வாசலில் கேட்டேன்.
ஈரக் கையை ரப்பர் முன்றானையில் துடைத்தபடி
வெளியே வந்த அம்மாள் சொன்னார்:
‘நாந்தான் அது.’

துக்கம் கேட்கத் தயாராக்கி வைத்திருந்த முகத்தை
எங்கே கழற்றி வைப்பது?
தாளை எட்டப் பிடித்துப் படித்தார்.
‘தொண்ணூத்தி மூணா?
அந்த வருசந்தான் வேம்பாறு திருவிழாவுல
விடிய விடிய நின்னேன்.
செத்தவளுக்கா தம்பி அம்புட்டு மாலை போட்டானுக?’

பிறந்த ஆண்டு?
‘எதுக்குன்னு சொல்லு.’
நாடக ஏஜெண்டிடம் சொன்னது ஒன்று:
பதினஞ்சைப் பதினெட்டாக்கியது.
கல்யாண ஓலையில் பங்குச் சாமியார் எழுதியது ஒன்று.
நலவாரிய அட்டையில் வேறொன்று,
‘அறுவது ஆகணும்னாங்க. ஆயிட்டேன்.’
ஞானஸ்நானப் பதிவேட்டில்
புயல்தண்ணி புகுந்த அந்தப் பக்கம்
முழுக்க நீலம்.

குரு?
‘ஒரு ஆர்மோனியக்காரரு. பேரு போடாத.
மானாமதுரை நாடகத்துப் பணத்துல
பாதி இன்னும் தரல.’

எழுதிய நூல்கள்?
அவர் வாய் திறக்குமுன்
‘இல்லை’ என்று நானே எழுதிவிட்டு
அடுத்த கேள்விக்கு நகர்ந்தேன்.

‘நில்லு.
ராத்திரி பத்து மணிக்கு ராஜபார்ட் ஒரு கேள்வி கேப்பான்.
நேத்து கேட்டது இல்ல. ஒத்திகையும் கெடயாது.
நான் பதில் சொல்லணும்,
எதுகை தப்பாம, சனம் விசிலடிக்கிற மாதிரி,
அவன் அடுத்தத யோசிக்கறதுக்குள்ள.
நாலு மணி வரைக்கும்.
இருவத்தெட்டு வருசம்.
அத எவன் எழுதுனான்னு நெனக்கிற?’

களஞ்சியத்தில் எழுதியவர்கள் ஒரு பகுதி,
நடித்தவர்கள் ஒரு பகுதி.
நடுவில் மஞ்சள் தாள் ஒன்று வரும்.

ஒரு பதிலாவது சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்றேன்.
‘பதிலு தனியா வராது. கேள்வி கேளு, வரும்.’

என்னிடம் இருந்தவை எல்லாம் ஆண்டுகள்.
தடுமாறி,
கடல் ஏன் கரையோடு நிற்கிறது என்றேன்.
‘இது பள்ளிக்கூடக் கேள்வி,’ என்று
தூக்கிப் போட்டார்,
சதை எடுத்த நண்டோட்டைப் போடுவதுபோல.

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் குரல்.
அவசரமாய்த் திருத்திக் காட்டினேன்:
‘மரியநேசம், மூ. (1957? –      )’

நண்டு வாடை அடிக்கும் விரல்
கோட்டுக்கு அப்பால் வந்து நின்றது.
‘இது என்ன?’
இடம் விட்டிருக்கிறேன்.
‘எம்புட்டு?’
நாலு எண்ணுக்கு.

எடைபோடுகிறவனின் தராசை
ஓரக்கண்ணால் பார்க்கிற பார்வை.
‘பத்தாது,’ என்று சொல்லி
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சாயல்குடிக்கு இரண்டு நிறுத்தம் முன்பு
நல்ல கேள்வி ஒன்று வந்தது.
ராஜபார்ட்டே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.
நோட்டு பையின் அடியில் கிடந்தது,
ஓட்டுநரோ குழிக்குக் குழி பிரேக் போட்டார்.
டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்,
மூன்று வரி, சின்ன எழுத்தில்.

இனி அதைப்
பதிப்பாசிரியரிடம் கொடுக்க முடியாது.