வராத செலவு

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து
ஆட்கள் அதன்மேல் நாயோடு நடக்கிறார்கள்.
கரையில் புது மருத்துவமனை:
இப்போதைக்கு ஒரு பள்ளம், பள்ளத்தில் பனி,
பனியைச் சுரண்ட ஓர் இயந்திரம்.

மாரிக்காவின் திரையில் மட்டும்
ஏழு மாடியும் எழுந்து நிற்கின்றன.
எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை.
தேநீர்க் கோப்பையோடு அவள்
சுவர்களை ஊடுருவிப் போகிறாள்.
அறுவை அரங்குக்கு மேலே
ஒரு காற்றுக்குழாய் உத்தரத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது,
சிவப்பாக.
இருபது சென்டிமீட்டர் இறக்குகிறாள்.
சிவப்பு அணைகிறது.
தேநீர் இன்னும் ஆறவில்லை.

வீட்டைக் கட்டிப் பார் என்கிறோமே,
கட்டாமலே கட்டிப் பார்க்கிறாள்.
இலையுதிர்காலம் தொடங்கி இன்றுவரை
நானூற்றுப் பன்னிரண்டு சிவப்புகள்.

வியாழக்கிழமை ஹெல்வே வருகிறாள்,
மருத்துவமனையின் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள்.
மென்பொருள் உரிமம், இரண்டு பேர் சம்பளம்,
ஒன்றரை லட்சம் யூரோவுக்குச் சற்றுக் கீழே.
அடிக்கோடு இட்டிருக்கிறாள், இரண்டு முறை.
“இதற்கு என்ன கிடைத்தது?”
“நானூற்றுப் பன்னிரண்டு மோதல்கள் நடக்கவில்லை.”
“நடக்காததற்கு ரசீது இருக்கிறதா?”

நியாயமான கேள்விதான்.
பேரேட்டில் பற்று உண்டு, வரவு உண்டு,
வராமலே போன செலவுக்குப் பத்தி கிடையாது.
உடைக்காத கான்கிரீட்டிலிருந்து தூசி எழுவதில்லை.
காத்திருக்காத ஆட்கள் கூலி கேட்பதில்லை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை
ஹெல்வே தன் மொழியில்
வேறேதோ காயை வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
தீயணைப்புக் குழாய் போடுபவர்கள் வல்காவிலிருந்து வந்த சின்ன நிறுவனம்,
வரைபடத்தைத் தாளில் கொடுத்தார்கள்.
மாதிரியில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள்.
அந்த யாரோ மாரிக்காதான்.

அடித்தளத் தாழ்வாரத்தில் ஐவரின் ஆட்கள்
ஆறு மீட்டர்க் குழாயைத் தோளில் வைத்தபடி
ஓர் உத்தரத்தின் முன் நிற்கிறார்கள்.
ஐவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்க்க 780.
துளையிடலாம் என ஒரு பொறியாளரின் கையெழுத்து 1,200.
தாலினிலிருந்து வைரத் துளைப்பான் 2,150.
நான்கு பேர் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்ததற்கு 2,560
(சீட்டாடினார்கள், ஐவருக்குத் தோல்வி, அது கணக்கில் இல்லை).
மாற்றிய இணைப்புகள் 1,345.

மாரிக்கா ஐந்து ரசீதையும் பின் குத்தி
தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.
“நீ கேட்டது.
ஒன்றுக்குத்தான் இருக்கிறது.”

ஹெல்வே பென்சிலை எடுத்தாள்.
எண்ணாயிரத்து முப்பத்தைந்தை
நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினாள், அடித்தாள்.
“பாதியைச் சுத்தியலாலேயே சரிசெய்திருப்பார்கள்.”
“முக்கால்வாசியை,” என்றாள் மாரிக்கா.
“பத்தில் ஒன்று என்று வைப்போம்.”
நாற்பத்தொன்றால் பெருக்கினாள்.
மூன்று லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
அதை அடிக்கவில்லை.
நம்பவும் இல்லை, முழுதாக.
“அந்த இடத்தைக் காட்டு.”

துளையின் விளிம்பு கோப்பை வாய்போல் வழவழத்தது.
கீழே, உத்தரத்திலிருந்து வந்த உருளை,
முழங்கை நீளம், ஏழு கிலோவுக்கு மேல்,
அறுபட்ட கம்பி ஒன்று பளபளக்க.
ஹெல்வே குனிந்து தூக்கினாள்.
ஐவர் கைநீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

ஆகஸ்டில் அடுத்த கட்டடத்துக்கான நிதிக் கூட்டம்.
மாதிரிக்கான தொகையைக் காட்டி
புது உறுப்பினர் ஒருவர் கேட்கிறார்,
இதற்கு என்ன கிடைக்கும் என்று.
ஹெல்வே பையிலிருந்து உருளையை எடுத்து
மேசைமேல் வைக்கிறாள்.
தண்ணீர்க் குவளைகள் ஒருமுறை அதிர்ந்து அடங்குகின்றன.