நாற்பத்தொன்று

சுவரில் ஒட்ட நூற்றைம்பது சொல் வேண்டுமாம்,
திங்கட்கிழமைக்குள்.
"உங்கள் மீண்டெழுதலைப் பற்றி" என்கிறாள் இமோஜென்,
கண்காட்சியை நடத்துகிறவள், நல்லவள்.

நான் எங்கே விழுந்தேன், எழுவதற்கு?
நின்றுகொண்டல்லவா இருந்தேன்,
ஆறு வருடம், வெள்ளை ரப்பர் பூட்ஸில்,
ஜீலோங் ஊரின் வடக்கு ஓரத்தில்,
ஜூலைக் கடற்காற்றைவிடக் குளிர்ந்த ஒரு கூடத்தில்.
கொக்கிகளில் தலைகீழாக வரும் கோழிகள்,
நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.
இறக்கையைப் பிடி, மூட்டில் வெட்டு, விடு.
பிடி, வெட்டு, விடு.
மூன்றில் கடைசிச் சொல்லைத்தான்
என் கை மனப்பாடம் செய்துகொண்டது.

முதலில் கட்டைவிரல். பிறகு அதன் அண்டை வீட்டுக்காரர்கள்.
மரத்துப்போச்சு என்றேன்.
ஆங்கிலத்தில் சொன்னபோது அது கொஞ்சம் வலி ஆனது.
டாரனின் படிவத்தில் அந்தக் கொஞ்சமும் இல்லை.

மணிக்கட்டைத் திறந்து மூடினார்கள்.
ஐந்து தையல், கறுப்பு நூல், சீரான இடைவெளி.
என் உடம்பில் போட்ட முதல் எம்பிராய்டரி அது.
போட்டவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

அமுக்கிப் பழக, பச்சை மாவுருண்டை ஒன்றைத் தந்தாள் பிரான்வின்.
அமுக்கினேன். அமுக்கினேன்.
அவள் ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டே இருந்தது,
மூன்று வாரமாக.
"ஊசி இருக்கா?" என்றேன்.
பதினேழு நிமிடம் பிடித்தது அந்த ஒரு பொத்தானுக்கு.
இரண்டு முறை ஊசி கீழே விழுந்தது.
அவள் குனியவில்லை, நான் எடுக்கட்டும் என்று
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரார் ஊசிக்குக் கண் என்கிறார்கள்.
நமக்கு அது காது.
நூலை எச்சில் தொட்டு முறுக்கி
அதன் காதருகே கொண்டுபோகிறேன், நடுங்கி நடுங்கி,
கடன் கேட்பதுபோல.
சில இரவுகளில் அது கேளாத காது.

குத்துவதும் தைப்பதுதான்
கூட்டுவதும் தைப்பதுதான் நம்மிடம்.
முள் தைத்தது, சட்டை தைத்தேன்.
எது எதுவென்று விரலுக்குத்தான் தெரிய வேண்டும்;
என் விரலுக்கோ அப்போது எதுவும் தெரியாது.
இரத்தம் துணியில் பட்ட பிறகே
குத்தியதை அறிந்தேன்.
அந்தப் புள்ளிகளைத் துவைக்கவில்லை,
தேடினால் இருக்கும்.

பழைய ஏப்ரனை விரித்துக்கொண்டேன்.
அதில் ஒரு நிமிடம் தைப்பதென்று முடிவு,
செவ்வாய்க்கிழமை, பின்னேரம், மூன்று மணி ஆறு.
எனக்கு நன்றாக நினைவிருக்கும் நிமிடம்.
வேலிக் கம்பியில் குருவிகள்போல் வரிசையாக,
கோழிக்கு ஐந்து நாள்.
இறகின் நுனிக்கு மட்டும் சங்கிலித் தையல்.
ஓட்டத் தையலை நான் போடவே இல்லை,
பெயரே பிடிக்கவில்லை.
ஏழு மாதத்தில் முடிந்தது அந்த நிமிடம்.

நேற்று ஹான் வந்தாள், ஷிப்ட் முடிந்த கையோடு.
தேநீர் ஆறிக்கொண்டிருக்க
சமையலறை மேசையில் குனிந்து
வியட்நாமிய மொழியில் எண்ணினாள்,
உதடு மட்டும் அசைய.
"ஒன்று குறைகிறதே."
ஆமாம். அப்போதுதான் கை மூடவில்லை.
அது என்னைத் தாண்டிப் போயிற்று, முழுதாக, இறக்கையோடு.
தப்பித்த ஒன்று என்று
எனக்குள் ஒரு கதை வைத்திருந்தேன்.

"எங்கே தப்பித்தது?" என்றாள் ஹான்.
"அடுத்து நின்றது நான்தானே. நான் வெட்டினேன்.
அந்த மாதம் முழுக்க உன்னுடையதில் பாதி
என்னிடம்தான் வந்தது."
ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை நான்.
சர்க்கரை போடும்போது பார்த்தேன்,
கரண்டியை அவள் இடது கைக்கு மாற்றுகிறாள்.

இமோஜென், எழுதிக்கொள்.
துணி: வேலைத்தள ஏப்ரன், பழையது.
நூல்: சிவப்புப் பருத்தி, இரண்டு இழை.
கோழிகள் நாற்பத்தொன்று.
மீதி ஒன்று ஹானிடம் இருக்கிறது.
நூற்றைம்பது வராது.
மிச்ச இடத்தை வெள்ளையாக விடு.