ஈரம் எந்தப் பக்கம்

செருப்பைக் கழற்றியதுமே குதிகால் சொல்லிவிட்டது.
முன்னறையில், டீவி மேசைக்கும் சன்னலுக்கும் நடுவே
நனைந்த கோணிச்சாக்கின் வாடை.
"பூனையாத்தான் இருக்கும்" என்றார் பரிபூரணம் டீச்சர்,
சாம்பிராணிக் கரண்டியோடு.
கொட்டகலையில் எந்த வீட்டிலும்
முதல் பழி பூனைக்குத்தான்.

நான் கார்ப்பெட் விரிப்பவன்.
பதினேழு வருடத்தில்
விரித்ததைவிடக் கழற்றியதே அதிகம்.
ரப்பர் மாவாய் உதிர்ந்தால் வயசு.
ஆணிப்பட்டி துருவேறியிருந்தால் நெடுநாள் நனைவு.
கறுப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாய்ப் பிடித்திருந்தால்
அந்த வீட்டில் சன்னல் திறப்பதில்லை.
சிமெந்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் மட்டும்
சட்டென்று வாயைத் திறக்க மாட்டேன்.

டீச்சர் வீட்டில் உப்பு.

ஞாயிறு மகளுக்குப் பரிசம்.
பண்டாரவளையிலிருந்து இரண்டு வேன் வருகிறது.
"மேல இருந்து ஊத்தினதா, கீழ இருந்து வருதா,
அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

அதற்கு மெஷின் வேண்டாம்.
தரையைத் துடைத்துக் காயவிட்டு
ஒரு முழப் பொலித்தீனை
நாலு பக்கமும் டேப்பால் ஒட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கவேண்டும்.
மறுநாள் மேல்பக்கம் நனைந்திருந்தால் அது பனி,
வெயில் வரும்வரை திட்டிக்கொண்டிருக்கலாம்.
அடிப்பக்கம் முத்துமுத்தாய்க் கோத்திருந்தால்
தரை தண்ணீரைக் கக்குகிறது.

காலையில் நான் போகும்போது
டீச்சரே மண்டியிட்டுக் குனிந்திருந்தார்,
விடைத்தாள் திருத்தும் கண்ணாடியோடு.
"அடியில" என்றார். அவ்வளவுதான்.

பின்பக்கம் ஏறிப் பார்த்தேன்.
கக்கூசுக்கு மேலேயே தேயிலை மலை.
ஆறு வருடமாய்க் கொழுந்தெடுக்காமல்,
கவ்வாத்து வெட்டாமல்,
செடியெல்லாம் மரமாகி நிற்கிறது.
மேட்டுக்கான் மண்மூடிக் கிடக்கிறது.
கானை வெட்டிவிட ஆள் போடாத மழைகள் எத்தனையோ,
அத்தனையும் கதவைத் தட்டாமல்
இந்த முன்னறைக்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன.

திரும்பி வந்து இன்னும் இரண்டு முழம் சுருட்டினேன்.
அப்போதுதான் கண்டேன்.
சன்னலடியிலிருந்து சாமிப்படத் தட்டுவரை ஒரே வெடிப்பு,
ஐந்து ரூபாய்க் குத்தி செங்குத்தாய் இறங்கும்.
விரலைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிறது:
பள்ளத்துப் பக்கம் ஒரு மயிரிழை தணிவு.

கார்ப்பெட்காரன் வேலை அங்கே முடிந்துவிடுகிறது.
மீதிக்கு ஆபீஸ் இருக்கிறது, பாரம் இருக்கிறது,
கிராம சேவகர் கையொப்பம் இருக்கிறது.
என்னிடம் இருந்தது
காதில் செருகிய பென்சில்.
வெடிப்பு நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு
பக்கத்தில் தேதி எழுதினேன்.

"ஞாயிறு மட்டும் மூடி வச்சிருங்க."

மூடினேன்.
ஒரு மூலையை மட்டும் ஒட்டாமல் விட்டேன்,
இரண்டு விரலால் தூக்கிப் பார்க்க.

அன்றிலிருந்து ராத்திரி எட்டரைக்குப் போன்.
"தாண்டல தம்பி."
சீனி அளவு சொல்வது மாதிரி,
சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னாலேயே.
பரிசத்தன்றும் எடுத்தார், குரல் கம்மிப்போய்:
"நாப்பது பேர் நின்னாங்க அது மேல. தாண்டல."

பிறகு ஐப்பசி.
மூன்று நாள் விடாத மழை.
ரயில் இல்லை, கரண்ட் இல்லை, எட்டரை இல்லை.
என் கூரைத் தகரத்தில் விழுந்ததெல்லாம்
கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தேன்.

நாலாம் நாள் சிக்னல் வந்ததும் மணி அடித்தது.
பகல் பதினொன்று.
கோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.
அவருக்குப் பின்னால்
அலுமாரி இழுபடுகிற சத்தம்.

"தம்பி, கார்ப்பெட்டைக் கழற்ற எவ்வளவு எடுப்பீங்க?
தங்கச்சி வீட்டு அறை சின்னது.
வெட்டித்தான் போடணும்."