கல்லில் ஏறாத யாண்டுகள்

அரிமர்த்தனபுரத்து மேலை வாசலில்
குதிரை வைத்தியன் நான், ஏழன் குன்றன்.
நானாதேசியார் மரக்கலத்தில்
நாற்பது குதிரையோடு புறப்பட்டேன்.
கரையேறியவை முப்பத்தொன்று.

யாண்டு இரண்டு.
வாள்முனையில் பட்டம் கட்டியவனுக்குப்
பட்டுமெத்தையில் உறக்கம் பிடிக்கவில்லை.
நள்ளிரவில் லாயத்துக்கு வந்தான்,
வைக்கோல் பொதியில் தலைசாய்த்தான்.
"இங்கே மூச்சு கேட்கிறது" என்றான்.
காலாளாய் இருந்த நாளில் அவன் தேய்த்துவிட்ட
கிழட்டுப் பெட்டைக்குதிரை
இருட்டில் ஒருமுறை கனைத்தது.
அதற்கு மட்டும்
அவன் பழைய பெயர் தெரிந்திருக்கும்.

யாண்டு ஐந்து.
தென்கடல் அவன் கால் கழுவியதாம்.
கல் அப்படித்தான் சொல்கிறது.
எனக்கு வந்து சேர்ந்தது குளம்பழுகல்.
வேப்பெண்ணெய், மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு.
இருபது நாள் உப்புச்சேற்று நாற்றம்
நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆறு, ஏழு: மழையில்லை.
ஐராவதி நடுவே மணல்திட்டில்
நாய்கள் படுத்துக் கிடந்தன.

யாண்டு பதினொன்று.
கோயில் எழும்புகிறது.
கைதிகள் வரிசை, கைக்குக் கை செங்கல்.
அதையும் அணிவகுப்பாகவே பார்த்து நின்றான்.
ஒருவன் தவறவிட்டான்.
விழுந்த செங்கலைப் பேரரசனே
குனிந்து எடுத்துக் கொடுத்தான்.
ஊரே நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தது.
மாலையில்
தவறவிட்டவனைக் காணவில்லை.

லாயக்காரன் ங பியூவுக்கு அவன் தாய்மாமன் மகன்.
மறுநாள் விடியலில் ங பியூ
அரசன் குதிரைக்குக் கொள்ளு அளந்தான்.
இரண்டு படி.
தலை தட்டித்தான் அளந்தான்,
ஒரு மணி குறையவில்லை, கூடவுமில்லை.
நான் அவன் முகத்தைப் பார்க்காமல்
படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாண்டு பத்தொன்பது.
அங்கவடிக்கு எட்டவில்லை அரசன் கால்.
முக்காலி கேட்க நாணம் போலும்.
ங பியூ ஒன்றும் பேசாமல் மண்டியிட்டான்.
தோளில் மிதித்து ஏறினான்
நான்கு திசையும் மிதித்தவன்.
தோள் ஆடவில்லை.
குதிரைதான் நடுங்கியது,
தொடைத்தோலில், ஈ உட்கார்ந்தாற்போல.

நேற்றுக் கல்தச்சன் வந்தான்.
கல்லின் அடியில் நாலு வரி தமிழும் வேண்டுமாம்,
வணிகர் தெருவின் சார்பில்.
"கடல் கடந்து மன்னர்க்கு வந்த புரவி எத்தனை?"
முப்பத்தொன்று என்றேன்.
உளியை எடுத்தான்.
மூவாயிரம் என்று வெட்டினான்.
இடம் போதவில்லை,
கடைசி எழுத்துகள்
விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று
ஏறி நிற்கின்றன.