பில்லில் உள்ள பெயர்

கூழாவடி மூலையில் ஒரு போர்டு இருக்கிறது:
'இங்கு குப்பை கொட்டுவோர் மீது
சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'
போர்டின் காலில்தான்
முதல் பையைச் சாய்த்து வைப்பார்கள்,
விழாமல் நிற்கும் என்று.

போன மாசம் சூலம் ஒன்று நட்டு
மஞ்சள் துணி சுற்றிப் பார்த்தார்கள்.
மூன்று நாள் சுத்தம்.
நாலாம் நாள், சூலத்துக்கு மரியாதையாய்
ஒரு முழம் தள்ளி
மீன் செதிலும் உடைந்த தயிர்முட்டியும்.

இப்போது என் வேலை கூட்டுவதில்லை.
சுப்பர்வைசர் குகேந்திரன் சொல்லிவிட்டார்:
"அக்கா, நீங்க பையைப் பிரிங்க.
பேர் கிடைச்சா எனக்குத் தாங்க."
கையுறை ஒரு சோடி. இடது கையுறையில் ஓட்டை.

பிரித்துப் பிரித்து
இந்த ஊர் எனக்குத் தெரியும்.
யார் வீட்டில் கணவாய், யார் வீட்டில் வெறும் பாண்,
எந்தப் பிள்ளை கணக்கில் பதினொன்று வாங்கி
பேப்பரைப் பதினாறாய்க் கிழித்தது,
எந்த மாப்பிள்ளை வெறும் போத்தலைப்
பழைய சாரத்தில் சுற்றி அனுப்புகிறார்.
சொல்லமாட்டேன்.
அதற்கெல்லாம் தண்டம் இல்லை.

அந்தக் கறுப்புப் பை மட்டும்
செவ்வாய் தவறாமல் வரும்.
வலை கட்டுகிறவன் முடிச்சு,
இழுக்க இழுக்க இறுகும்.
உள்ளே பெரியவர்கள் கட்டுகிற பெம்பர்ஸ்,
ஒவ்வொன்றும் சுருட்டி, ஒட்டி,
கோயிலுக்குப் போகும் வேட்டி மடித்த மாதிரி.
ஒருநாள் அடியில் லைட் பில்.
க. வேலாப்போடி, நாலாம் குறுக்கு.

பீ.எச்.ஐ. ஐயாவும் குகேந்திரனும் முன்னால் போக
பின்னால் நான், சாட்சிக்கு.
கதவைத் திறந்தவனுக்கு ஐம்பது இருக்கும்.
"வேலாப்போடி யாரு?"
"அப்பா."
"கூப்பிடுங்க."
"தொண்ணூறில போனவர்."

பேனை கொஞ்சம் நின்றது.
"அப்ப பில்லில பேரை மாத்தல்லியா?"
அவன் உள்ளறையைப் பார்த்தான்.
அங்கே கட்டிலில் ஒரு கை
எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது.
"அம்மா விடமாட்டா.
மாத்தினா ஆள் வராதாம்."

மறுகா அவனே சொன்னான்:
"ட்ரக்டர் இந்தக் குறுக்குக்குள்ள வாறல்ல ஐயா,
கிறுக இடமில்லையாம்.
நாலு நாள் வீட்டில வைச்சா
அம்மாக்கு மணம் தெரிஞ்சிரும்.
தன்ட எண்டு தெரிஞ்சா தின்னமாட்டா."

சட்டம் சட்டம்தானே.
தண்டத் துண்டு எழுதினார்கள்.
பேருக்கான கோட்டில்
பேனை பழக்கத்தில் வேலாப்போடி என்றே போனது.
வெட்டித் திருத்தினார் ஐயா.
அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

அடுத்த செவ்வாய் அதே முடிச்சு.
நகம் உடைய அவிழ்த்தேன்.
"இனி பில் போடமாட்டான், புத்தி வந்திருக்கும்"
என்று சிரித்தார் குகேந்திரன்.
போட்டிருந்தான்.
வீட்டு இலக்கம், நாலாம் குறுக்கு, யூனிட், நிலுவை
எல்லாம் இருந்தது.
பேர் இருந்த இடத்தில் மட்டும்
கத்தரிக்கோலால் நறுக்கிய ஒரு நீள ஓட்டை.
அதற்குள்ளால் என் பெருவிரல் தெரிந்தது.

"கிடைச்சுதா அக்கா?"
"பேர் இல்ல" என்றேன்.
பொய் இல்லையே.

நிஜாம்தீனிடம் கேட்டேன்:
"தம்பி, ட்ரக்டர் ரிவேசில போகுமா?"
"பொட்டி இடிச்சா எண்ட சம்பளத்திலதான் வெட்டுவாங்க அக்கா."
"நான் பின்னால நிக்கிறன்."

இரண்டு வேலிக்கும் நடுவில்
ஒரு சாண் மிச்சம்.
வா, வா என்று கையைக் காட்டிக்கொண்டு
நான் பின்பக்கமாய் நடந்தேன்.
ஒரு முருங்கைக் கொப்பு முறிந்தது.
அந்த வீட்டுக்காரி ஏசினாள்,
ஏசிக்கொண்டே உள்ளே ஓடித்
தன் பையையும் தூக்கிவந்தாள்.

நாலாம் குறுக்கு இப்போதெல்லாம்
கேற்றில் கட்டித் தொங்கவிடுகிறது.
கூழாவடி மூலையில்
இன்று காலையும் ஒரு பை,
போர்டின் காலில் சாய்ந்தபடி.
வேறு முடிச்சு.
உள்ளே கணவாய்.