மின்சாரம் போன கணக்கு

லியோன் நகரத்துக் கடையில் ஒருத்தி
தராசில் ஒரு பழத்தை வைக்கிறாள்.
கேமரா விழித்துக்கொள்கிறது.
இயந்திரம் யோசிப்பதாக அவள் நினைக்கிறாள்.
யோசிப்பது நான்.

அந்தனனரிவோவில், முன்பு கார் நின்ற கொட்டகையில்,
இருபத்தாறு பேரில் ஒன்பதாவது நாற்காலி.
பேரிக்காயா, அவகாடோவா?
மூன்று நொடி.
பதிலுக்கு இவ்வளவு என்று கூலி,
தயங்கினால் அதுவும் இல்லை.
கிவிப்பழத்தை அதன் ரோமம்வரை தெரியும் எனக்கு.
தின்றதில்லை.

மழைக்காலத்தில் மின்சாரம் போகும்.
திரை அணைந்தால் கூலியும் அணையும்.
வீட்டுக்குப் போகவும் கூடாது,
எந்நேரமும் வந்துவிடும் என்பார் ரபெமனானா.

அந்த இருட்டில்தான்
பக்கத்து நாற்காலிக்கும் முகம் உண்டென்று தெரிந்தது.
ஒரு மாதமாய் லலைனாவுக்குக் கழுத்து திரும்பவில்லை.
பின்வரிசை வூலா பிள்ளை பெற்று ஏழு வாரம்,
பால் கட்டி, மார்பு கனக்க உட்கார்ந்திருந்தாள்.
வூலா என்றால் எங்கள் மொழியில் பணம்.
அவளே சொல்லி அவளே சிரித்தாள்.

பள்ளி நோட்டு ஒன்றில், போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
செவ்வாய். ஏழு பத்துக்குப் போனது.
ஏழு ஐம்பத்தொன்றுக்கு வந்தது.
பிறகு அதுவே வழக்கமாயிற்று.
விளக்கு போனதும் நாலு மூலையிலிருந்தும் குரல் வரும்:
"எழுதிட்டியா?"

மூன்று மாதம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது நிமிடம்.

நோட்டை ரபெமனானாவின் மேசையில் வைத்தபோது
எல்லோரும் எழுந்து நின்றோம்.
திரைகளில் பழங்கள் வரிசைகட்டின.
லியோனில் எத்தனை தராசுகள்
சற்றுப் பொறுக்கவும் என்றனவோ.
அவர் முதலில் சிரித்தார்.
பிறகு யாரிடமோ போனில் பேசினார்.
பிறகு சிரிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டோம்.
ஹெரிசோவை மூன்று தடவை வாசலோடு அனுப்பியிருந்தார்கள்,
பிரெஞ்சு போதாதென்று.
பேரிக்காய் என்ன பிரெஞ்சா பேசுகிறது?

கிடைத்தது:
இருட்டு நிமிடத்துக்குப் பாதிக் கூலி.
சாய்வு நாற்காலி பன்னிரண்டு, முறைவைத்து உட்காருகிறோம்.
வூலா பால் பீய்ச்ச இருபது நிமிடமும்
கதவுள்ள ஓர் அறையும்.
தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.
லலைனாவின் கழுத்துக்கு ஒன்றும் இல்லை.
இருபத்தேழாவது நாற்காலியில் ஹெரிசோ.
முதல் நாளே மாதுளையை வெங்காயம் என்றான்,
லியோனில் யாரோ மலிவாக வாங்கிப் போயிருப்பார்கள்.

நேற்றும் மின்சாரம் போனது.
நோட்டில் மூன்று பக்கம்தான் மிச்சம் என்றேன்.
இருட்டுக்குள்ளேயே
ஆளுக்கு நூறு அரியாரி என் மடியில் வந்து விழுந்தது,
புது நோட்டுக்கு.