ஈரத்தளம்

கந்தப்பளை சலூனில் கதை சூடாகிவிட்டது.
கொழும்புக் கழகத்தில் சம்பளத்துக்குப் பந்தடிக்கும்
மரியசீலனைப் பனித்தளத்தில் இறக்கினால்
தேறுவானா, மாட்டானா?
கனடா மச்சான் அனுப்பிய ஐஸ் ஹொக்கி
புண்ணியமூர்த்தியின் போனில்
சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
கத்தரிக்கோல் நின்றே போனது.

"ஓடத் தெரிஞ்சவனுக்கு எதுவும் வரும்" என்றேன்.
பாதி மழிந்த தாடையோடு ஒருவர் திரும்பினார்:
"கையில பந்து பட்டாலே பாவம்னு வளந்தவன்.
அந்தக் கையிலயா தடியைக் குடுக்கிறது?"

மரியசீலன் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்தான்.

ஞாயிறு. தொழிற்சாலையில் கொழுந்து இல்லை.
ரோலர் அறைத் தளம் கழுவி, இன்னும் காயவில்லை.
சப்பாத்தைக் கழற்றி மேஸ் காலோடு நின்றான்.
கையில் விளக்குமாறு. கீழே பொலிஷ் டின்னின் மூடி.
இரண்டு கூடைக்கு நடுவே கோல்.

மண் பிடித்துக்கொள்ளும் என்று நம்பித்தான்
இத்தனை வருடம் உதைத்திருக்கிறான்.
சிமெந்து அவனைப் பிடிக்கவில்லை.
முதல் எட்டில் முழங்கை,
அடுத்ததில் இடுப்பு.
மூடி சுழன்று சுழன்று
லீலாவதியின் காலடியில் போய் நின்றது.

பதினோரு வருடமாய் அந்தத் தளத்தைக் கழுவுகிறவள்.
வாளியை வைத்தாள்.
அவன் விட்ட விளக்குமாற்றை எடுத்தாள்.
குதிகாலைச் சற்றே திருப்பி
வழுக்கினாள், வேண்டுமென்றே.
மறித்த எங்கள் மூவரையும் தாண்டி
ஒரு தட்டு.
கூடைகளுக்குப் பின்னால்
சுவர் டங்கென்றது.

யாரும் கத்தவில்லை.
சலூனில் அவள் பேரை யாரும் எடுத்திருக்கவில்லை.

ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்தபடியே
"இன்னொருக்கா காட்டுங்க" என்றான் மரியசீலன்.

"எந்திரி தம்பி, நீ இருக்கிற எடத்தையும் தொடைக்கணும்.
நாலு மணிக்கு டீமேக்கர் வந்திருவாரு."